50 மீட்டர்கூட தெரியாத மூடுபனி... விமானம் எப்படி தரையிறங்குகிறது? பைலட்டுக்கு என்னதான் சிக்கல்?

டிசம்பர், ஜனவரி வந்துவிட்டாலே போதும். 'டெல்லியில் கடும் மூடுபனி... விமான சேவை பாதிப்பு' என்ற செய்தி தினமும் காலையில் வந்து நிற்கும். விமான நிலையத்தில் குழந்தை குட்டிகளோடு காத்திருக்கும் பயணிகளின் கோபமும் கூடவே வரும்.

'பனிதானே... லைட்டைப் போட்டுக்கிட்டு மெதுவா இறக்க வேண்டியதுதானே?' என்று நம்மில் பலர் நினைப்போம். நியாயமான கேள்விதான். பனி அதிகமாக இருந்தால் பஸ் டிரைவர் வேகத்தைக் குறைப்பார். இன்னும் அதிகமானால் ஓரமாக நிறுத்திவிடுவார். விமானத்தில் இந்த இரண்டுமே முடியாது. இறக்கையின் மீது காற்று வேகமாகப் பாய்ந்தால்தான் விமானம் மிதக்கும். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் விழுந்துவிடும்.

ஒரு பெரிய பயணிகள் விமானம் தரையிறங்கும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர். அதாவது ஒரு விநாடிக்கு 72 மீட்டர். பைலட்டுக்கு முன்னால் 50 மீட்டர் மட்டுமே தெரிகிறது என்றால், ஒரு பொருளைப் பார்த்த நேரத்துக்கும் அதைத் தொடும் நேரத்துக்கும் இடையில் ஒரு விநாடிகூட இல்லை. பிரச்னையே இதுதான்.

மூடுபனி எப்படி உருவாகிறது, அது பைலட்டின் கண்ணை எப்படி ஏமாற்றுகிறது, இதையும் தாண்டி விமானங்கள் எப்படி இறங்குகின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மூடுபனி என்றால் என்ன?

ஒரே வரியில் சொன்னால், தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேகம்தான் மூடுபனி. ஊட்டி, கொடைக்கானல் போகும்போது மலைப்பாதையில் காரைச் சுற்றிக்கொள்ளும் அந்த வெள்ளைப் புகை, கீழே மேட்டுப்பாளையத்திலோ வத்தலகுண்டிலோ இருப்பவருக்கு மலைமேல் தெரியும் மேகம். உள்ளே நிற்கும் நமக்கு அது மூடுபனி.

வானிலைக் கணக்கில் இதற்கு ஓர் எல்லை உண்டு. 1,000 மீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தால் அது மூடுபனி. அதற்கு மேல் தெரிந்தால் வெறும் லேசான பனிமூட்டம். இந்திய வானிலை ஆய்வு மையம் 500 மீட்டர் வரை தெரிந்தால் லேசான மூடுபனி, 200 மீட்டர் வரை என்றால் மிதமானது, 50 மீட்டர் வரை என்றால் அடர் மூடுபனி, அதற்கும் கீழே போனால் மிக அடர் மூடுபனி என்று பிரிக்கிறது.

எப்படி உருவாகிறது?

காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். 10 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 9 கிராம்தான்.

அப்போ மீதி நீர் எங்கே போகும்? துளியாக மாறும். ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீராவி துளியாகத் தொடங்குமோ, அதை பனிப்புள்ளி என்கிறார்கள். விமான நிலையங்களின் வானிலை அறிக்கையில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே பனிப்புள்ளியும் இருக்கும். இரவில் இந்த இரண்டு எண்களும் நெருங்கிக்கொண்டே வந்தால், பைலட்டுகள் உஷாராகிவிடுவார்கள்.

ஆனால் நீராவி சும்மா துளியாகிவிடாது. ஒட்டிக்கொள்ள ஒரு தூசு வேண்டும். புகை, புழுதி, உப்புத்துகள் என எதுவாக இருந்தாலும் சரி. அதனால்தான் காற்று மாசு அதிகமுள்ள நகரங்களில் பனி மோசமாகிறது. அதே அளவு தண்ணீர், நிறைய தூசுகளில் பங்கு பிரியும்போது எண்ணற்ற குட்டித் துளிகளாகிவிடுகிறது. துளிகளின் எண்ணிக்கை கூடக்கூட வெளிச்சம் சிதறுவதும் கூடுகிறது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஒரு கன மீட்டர் மூடுபனியில் இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் அரை கிராம்கூட இருக்காது. பலத்த மழையில் இதைவிட அதிகத் தண்ணீர் இருக்கும். ஆனாலும் மழையில் நமக்கு ஓரளவு தெரியும், பனியில் தெரியாது. மழைத்துளி பெரிசு, எண்ணிக்கையில் குறைவு. பனித்துளி நம் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது, எண்ணிக்கையில் மிக மிக அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பனியில் எத்தனை வகை?

எல்லா மூடுபனியும் ஒரே மாதிரி உருவாவதில்லை. விமானப் போக்குவரத்துக்கு முக்கியமான மூன்று வகைகள் இவை:

இரவுக் குளிரில் உருவாகும் பனி: மேகம் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிரும். அதை ஒட்டியிருக்கும் ஈரக்காற்றும் குளிர்ந்து பனியாகும். இதை கதிர்வீச்சு மூடுபனி என்பார்கள். டெல்லியில் வருவது பெரும்பாலும் இதுதான். இதற்கு லேசான காற்று வேண்டும். காற்றே இல்லையென்றால் புல்லில் பனித்துளியாக நின்றுவிடும். பலமாக அடித்தால் கலைந்துவிடும்.

நகர்ந்து வரும் பனி: வெதுவெதுப்பான ஈரக்காற்று, குளிர்ந்த கடல் அல்லது நிலத்தின் மேல் நகரும்போது உருவாவது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கோடையிலும் பனி சூழ்வது இப்படித்தான். இது காற்று அடித்தாலும் சீக்கிரம் போகாது.

மலையேறும் பனி: ஈரக்காற்று மலைச்சரிவில் மேலே ஏறும்போது விரிந்து குளிர்கிறது. மேகமாகி மலையையே மூடிக்கொள்கிறது. நீலகிரியிலும் வால்பாறையிலும் நாம் பார்ப்பது இந்த வகை. பத்து நிமிடத்துக்கு முன் பளிச்சென்று இருந்த பள்ளத்தாக்கு, திடீரென்று வெள்ளையாகிவிடும்.

டெல்லிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பனி?

டெல்லி மட்டுமல்ல, பஞ்சாப் முதல் பீகார் வரை சிந்து-கங்கைச் சமவெளி முழுக்கவே குளிர்காலத்தில் பனிப்போர்வைக்குள் போய்விடுகிறது. நீண்ட குளிர் இரவு, குறைந்த காற்று, பாசன வயல்களின் ஈரம், மேற்கிலிருந்து வரும் வானிலைச் சலனங்களால் அவ்வப்போது பெய்யும் மழை, போதாததற்கு வாகனப் புகையும் தொழிற்சாலைத் துகள்களும். பனிக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன.

இந்தப் பனியை முன்கூட்டியே சரியாகக் கணிக்க வேண்டும் என்பதற்காகவே 2015 குளிர்காலத்திலிருந்து டெல்லி விமான நிலையத்தில் 'குளிர்கால மூடுபனி பரிசோதனை' என்ற ஆய்வை மத்திய புவி அறிவியல் அமைச்சகம் நடத்தி வருகிறது.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. போகி அன்று அதிகாலையில் எரிக்கப்படும் பழைய பொருட்களின் புகை, மார்கழிப் பனியோடு சேர்ந்துகொள்ளும். 2018-ம் ஆண்டு போகி அன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாத நிலை ஏற்பட்டு, வந்த விமானங்கள் பல வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

இன்னொரு விஷயம். சூரியன் வந்தால் பனி விலகும் என்பது உண்மைதான். ஆனால் உடனே விலகாது. விடிந்த சற்று நேரத்தில் புல்லில் இருக்கும் ஈரமும் ஆவியாகிச் சேர்வதால், பனி இன்னும் அடர்த்தியாவதும் உண்டு. 'விடிஞ்சிருச்சே, இன்னும் ஏன் கிளம்பல?' என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

பைலட்டின் கண் எப்படி ஏமாறுகிறது?

தெரியவில்லை என்பது ஒரு ஆபத்து. தெரிவதுபோல இருந்து ஏமாற்றுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

மேலிருந்து செங்குத்தாகக் கீழே பார்த்தால், மெல்லிய பனிப்படலத்தின் ஊடாக ஓடுபாதை தெளிவாகத் தெரியும். 'அட, நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும். ஆனால் தரையிறங்கும்போது பைலட் பார்ப்பது சாய்வாக. அதே பனிப்படலத்தை இப்போது நீளவாக்கில் ஊடுருவிப் பார்க்க வேண்டும். கடைசி நேரத்தில், தரைக்கு மிக அருகில், தெரிந்துகொண்டிருந்த விளக்குகள் திடீரென்று மறைந்துவிடும்.

அடுத்தது, பனிக்குள் நுழையும் அந்தக் கணத்தில் விமானத்தின் மூக்கு மேலே தூக்குவது போன்ற ஒரு பிரமை ஏற்படும். அதை நம்பி பைலட் மூக்கைக் கீழே அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, நம் காது. நாம் நேராக இருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்று மூளைக்குச் சொல்வது உள்காதில் இருக்கும் திரவம். ஆனால் கண்ணின் உதவி இல்லாமல் அதனால் சரியாகச் சொல்ல முடியாது. சுற்றிலும் வெள்ளை மட்டுமே இருந்தால், மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் விமானம்கூட நேராகப் போவது போலவே தோன்றும். அதனால்தான் பயிற்சியின் முதல் நாட்களிலிருந்தே 'உன் உடம்பை நம்பாதே, கருவியை நம்பு' என்று பைலட்டுகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

குன்னூர் சொல்லும் பாடம்

2021 டிசம்பர் 8-ம் தேதியை தமிழ்நாடு மறந்திருக்காது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவரது மனைவி உள்ளிட்ட 14 பேருடன் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே விழுந்து நொறுங்கியது. 13 பேர் அன்றே உயிரிழந்தனர். பலத்த காயத்துடன் மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங், ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-ம் தேதி உயிரிழந்தார்.

முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் சொன்ன முடிவு இதுதான்: இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. அதில் பைலட்டுக்குத் திசை, நிலை பற்றிய உணர்வு குழம்பியது. நல்ல நிலையில் பறந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் தரையில் மோதியது.

மேலே சொன்ன 'மலையேறும் பனி'யும், 'காது ஏமாற்றுவதும்' ஒரே இடத்தில் சேர்ந்தால் எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

583 உயிர்களைப் பறித்த பனி

விமானப் போக்குவரத்து வரலாற்றின் மிகப்பெரிய விபத்தும் பனியில்தான் நடந்தது. அதுவும் வானத்தில் அல்ல, தரையில்.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு. பக்கத்துத் தீவான கிரான் கனேரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே போக வேண்டிய விமானங்கள் எல்லாம் இங்கே திருப்பி விடப்பட்டன. மலைப்பகுதியில் இருக்கும் சின்ன விமான நிலையம். இட நெருக்கடியால், விமானங்கள் ஓடுபாதையிலேயே ஊர்ந்து செல்ல வேண்டிய நிலை. மேகம் கீழிறங்கி ஓடுபாதையை மூடியது.

ஒரு முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 புறப்படத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில், எதிர்த் திசையில் பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு போயிங் 747 ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து இருவரையுமே பார்க்க முடியவில்லை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடாரும் அங்கே இல்லை. ரேடியோவில் பேசியது ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சரியாகக் கேட்கவில்லை. அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்து கேஎல்எம் விமானம் வேகமெடுத்தது.

எதிரே விமானம் கண்ணில் பட்டபோது நேரம் கடந்துவிட்டது. 583 பேர் உயிரிழந்தனர். பான் ஆம் விமானத்தில் இருந்த 61 பேர் மட்டுமே பிழைத்தனர்.

அதன் பிறகுதான் ரேடியோ உரையாடலில் கறாரான விதி வந்தது. 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். மற்ற நேரங்களில் வேறு சொல். இன்று பனி நாளில் விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஆமை வேகத்தில் ஊர்வதற்குப் பின்னால் இந்த 583 பேரின் கதை இருக்கிறது.

அப்போ எப்படித்தான் இறங்குகிறார்கள்?

பெரிய விமான நிலையங்களில் ஐஎல்எஸ் என்ற கருவி அமைப்பு இருக்கிறது. ஓடுபாதை அருகிலிருந்து இரண்டு ரேடியோ அலைகள் வரும். ஒன்று, விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு நேராக இருக்கிறதா என்று சொல்லும். இன்னொன்று, சுமார் 3 டிகிரி சரிவில் சரியாக இறங்குகிறதா என்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சறுக்குமரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓடுபாதையில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதையும் கண்மதிப்பாகச் சொல்வதில்லை. அதற்கென்று கருவிகள் ஓடுபாதை ஓரத்தில் இருக்கின்றன. ஒரு முனையிலிருந்து வெளிச்சத்தை அனுப்பி, மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்து, 'இத்தனை மீட்டர்' என்று சொல்லும். இந்தியாவிலேயே இப்படி ஒரு கருவியை பெங்களூருவில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கியது. பெயர் 'திருஷ்டி'.

இந்த மீட்டர் கணக்கை வைத்துத்தான் தரையிறங்கும் வசதிகள் பிரிக்கப்பட்டுள்ளன:

கேட்-1: ஓடுபாதையில் குறைந்தது 550 மீட்டர் தெரிய வேண்டும். தரையிலிருந்து 200 அடி உயரத்துக்கு வருவதற்குள் விளக்குகள் பைலட்டின் கண்ணில் பட வேண்டும்.

கேட்-2: சுமார் 300 மீட்டர் தெரிந்தால் போதும். முடிவெடுக்கும் உயரம் 100 அடி.

கேட்-3: இதிலும் உட்பிரிவுகள் உண்டு. 3பி என்ற நிலையில் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கலாம். டெல்லியில் இந்த வசதி இருக்கிறது.

அந்த 'முடிவெடுக்கும் உயரம்'தான் முக்கியம். அந்த உயரத்துக்கு வந்த பிறகும் ஓடுபாதையின் அடையாளம் எதுவும் தெரியவில்லை என்றால், யோசிக்கவே கூடாது. மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்' என்பதற்கு அங்கே இடமில்லை. 200 அடியிலிருந்து தரையைத் தொட சுமார் 17 விநாடிகள்தான்.

கேட்-3 நிலையில் பெரும்பாலும் விமானத்தை இறக்குவது ஆட்டோ பைலட். இது புதுசு இல்லை. 1965-லேயே பிரிட்டனின் டிரைடென்ட் விமானம் பயணிகளுடன் லண்டனில் தானியங்கியாகத் தரையிறங்கிவிட்டது.

வசதி இருந்தும் ஏன் தாமதம்?

டெல்லியில்தான் எல்லா வசதியும் இருக்கிறதே, பிறகும் ஏன் ரத்து, தாமதம் என்ற கேள்வி வரும். காரணங்கள் இவைதான்:

ஓடுபாதை, விமானம், பைலட் என மூன்றுமே கேட்-3 தகுதி பெற்றிருக்க வேண்டும். பைலட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இறங்க முடியாது. அதனால்தான் ஒரே நேரத்தில் ஒரு விமானம் இறங்கும், அடுத்தது திரும்பிப் போகும்.

விமானங்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்ட வேண்டும். முன்னால் இறங்கியது ஓடுபாதையை விட்டு முழுசாக விலகி, ரேடியோ அலைக்கு இடைஞ்சல் இல்லாத தூரம் போன பிறகுதான் அடுத்தது வரலாம். ஒரு மணி நேரத்தில் கையாளும் விமானங்களின் எண்ணிக்கை தானாகக் குறைந்துவிடும்.

இறங்குவதைவிடப் புறப்படுவதற்கு அதிகம் தெரிய வேண்டும். வேகமெடுக்கும்போது ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பார்த்து ஓட்டுவது பைலட்தான். அதனால், வந்த விமானம் திரும்பக் கிளம்ப முடியாமல் நின்றுவிடும்.

அப்புறம் சங்கிலித் தொடர். ஒரே விமானம் ஒரு நாளில் நான்கைந்து ஊர்களுக்குப் போகும். காலையில் டெல்லியில் சிக்கிய விமானம்தான் மதியம் மதுரைக்கோ கோவைக்கோ வர வேண்டியதாக இருக்கும். இங்கே வெயில் கொளுத்தும்போது 'பனி காரணமாக தாமதம்' என்று அறிவிப்பு வருவது இதனால்தான்.

பனியை விரட்ட முடியாதா?

முயற்சி நடக்காமல் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ஓடுபாதையின் இருபக்கமும் குழாய் பதித்து, பெட்ரோலைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் பனியைக் கலைத்து குண்டுவீச்சு விமானங்களை இறக்கினார்கள். வேலை செய்தது. ஆனால் எரிபொருள் ஏராளமாகச் செலவானதால், போர் முடிந்த பிறகு அந்த முறை நிலைக்கவில்லை.

பயணிகள் என்ன செய்யலாம்?

பனிக்காலத்தில் வட இந்தியாவுக்குப் போவதாக இருந்தால், முடிந்தவரை மதியம் புறப்படும் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். அதிகாலை விமானமும், அதைத் தொட்டு அடுத்த இணைப்பு விமானமும் வேண்டாம். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் விமானத்தின் நிலையைச் செயலியில் பார்த்துவிடுங்கள்.

பனியால் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், விமானத்தை முன்கூட்டியே ரத்து செய்யலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் அறிவுறுத்தியது. வானிலை காரணம் என்பதால் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் ரத்தானால் டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறவோ மாற்று விமானம் கேட்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. விமான நிலையத்தில் காத்திருக்க வைத்தால், தாமதத்தின் அளவைப் பொறுத்து உணவு, சிற்றுண்டியும் கேட்கலாம்.

அடுத்த முறை உங்கள் விமானம் ஓடுபாதைக்கு மிக அருகில் வந்து, திடீரென்று உறுமிக்கொண்டு மேலே ஏறினால் பயப்பட வேண்டாம். தாமதமாகுமே என்று பைலட்டைத் திட்டவும் வேண்டாம். முடிவெடுக்கும் உயரம் வரை வந்து பார்த்தார், தெரியவில்லை, திரும்பிவிட்டார். அந்த நிமிடத்தில் அவர் செய்ய வேண்டிய சரியான வேலை அதுதான்.